வில்லின் முதுகு

நாலே காலுக்கு மழை விட்டது. தகரக் கூரையிலிருந்து சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

மேடம் குடையை மடக்கிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். ஸ்பேனர் தன் குடையை மடக்கப் பார்த்தான். கம்பி சிக்கிக்கொண்டது. விரித்தபடியே பட்டறை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

மேடம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தவர். இப்போது அதையே தனியாகச் செய்கிறார். ஸ்பேனர் ஒருநாள் அவருடைய ஸ்கூட்டரைப் பழுதுபார்க்க வந்தவன். ஸ்கூட்டர் சரியாகவில்லை. அவன் தங்கிவிட்டான்.

பட்டறை நீளமாக, ஒடுக்கமாக இருந்தது. ஒரு பக்கம் வேலை மேசை. அதன்மேல் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த சீவுகத்தி, அரம், ஒரு மெழுகுக் கட்டி. எதிர்ச் சுவரில் செங்குத்தாக ஒரு சட்டம், மேலிருந்து கீழே படிப்படியாக வெட்டியது. அதன் உச்சியில் ஒரு வில்லைப் படுக்க வைத்திருந்தார்கள். நாண் தொளதொளவென்று தொங்கியது.

ஸ்பேனர் நாணைப் பிடித்து இழுக்கப் போனான்.

"தொடாதீங்க," என்றாள் மேசைக்குப் பின்னால் நின்ற பெண்.

பாதி செய்த வில் அது என்றாள். நாணை ஒரு வெட்டு கீழே இழுத்து மாட்டுவார்கள். வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார்கள். வளையாத இடத்தில் கொஞ்சம் சீவுவார்கள். பிறகுதான் அடுத்த வெட்டு. அவசரப்பட்டால் உடையும். உடைந்த துண்டு நேராக முகத்துக்கு வரும். அவள் கணவனின் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அவள் அண்ணன் ஒரு பல்லைக் கொடுத்திருந்தார்.

"அந்தச் சத்தம் கேட்டா சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுட்டு ஓடுவோம். யாரு கண்ணு போச்சோன்னு."

"எங்க ஒர்க்‌ஷாப்ல டயர் வெடிச்சா நாங்க டீ குடிக்கக் கிளம்பிடுவோம்," என்றான் ஸ்பேனர்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் இல்லை. போன வாரம் செத்துப்போன வில்காரர் அவளுடைய சின்ன அண்ணன். அவரைக் கொன்றதாக இன்று காலை கைதாகி லாக்கப்பில் இருப்பவன் அவள் கணவன். மச்சானும் மச்சானுமாக இந்தப் பட்டறையில் வேட்டை வில் செய்தவர்கள். நாளைக் காலை அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். போனால் விசாரணை முடியும்வரை வெளியே வரமாட்டான் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"நாளைக்குள்ள ஏதாவது சொல்லுங்க மேடம். பொய்யா இருந்தாலும் பரவாயில்ல."

"மேடம் பொய் எடுத்துக்க மாட்டாங்கம்மா," என்றான் ஸ்பேனர். "அதை நான் தனியா பாத்துத் தரேன்."

பின்வாசல் வழியாக அவள் பெரிய அண்ணன் வந்தார். மரக்கடைக்காரர். பட்டறைக்குப் பின்னால் இருந்த மரக்கடை அவருடையது. வில்லுக்குக் கட்டை கொடுப்பதும் அவர்தான். பெரிய கைகள். நாற்காலியைத் தன் தோள்துண்டால் துடைத்து மேடத்துக்குப் போட்டார். லாரி ஒன்று சந்துக்குள் பின்பக்கமாக முனகிக்கொண்டு வந்தது. நேராக வரமுடியாது, பட்டறை வழியை அடைக்கிறது என்று அவரே சொன்னார். இடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லித் தம்பியைக் கேட்டிருக்கிறார். தங்கையின் கணவன், அந்த மச்சான், சரி என்றானாம். தம்பி மாட்டேன் என்றாராம். அதில்தான் அந்த இரண்டு பேருக்கும் சண்டை.

"அதுக்குப் போய் கொல்லுவானா? எனக்கும் நம்ப முடியலதான்," என்றார். "ஆனா தாழ்ப்பாள் தானா விழாது பாருங்க."

நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். பட்டறைக்கும் மரக்கடைக்கும் நடுவில் ஒரு உலர்த்தும் அறை. வில் கட்டைகளைக் காயவைக்க. மழை நாளில் தம்பி தீயை அணைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து, அதற்குள் உட்கார்ந்துதான் சீவுவார். வெளியே சீவினால் காய்ந்த மரம் ஈரம் இழுக்கும். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தார். மச்சான் காலையில் அம்புமுனை வாங்கக் கொல்லன் பட்டறைக்குப் போய் மதியம் திரும்பினான். அவன் வந்ததும் இவர் லாரியில் வெளியூர் ஏலத்துக்குக் கிளம்பினார். மறுநாள் விடிகாலையில் வந்து பார்த்தபோது அறை வெளியே தாழிட்டிருந்தது. திறந்தார். தம்பி சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் பாதி செய்த வில். காலடியில் சீவல் குவியல். அடுப்பில் யாரோ மறுபடி மூட்டிய தீயின் சாம்பல், இன்னும் சூடாக.

அந்தச் சூட்டில் இறந்த நேரத்தைச் சொல்லமுடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நேரத்தைச் சொன்னது சீவல்தான். அவ்வளவு சீவ ஒரு பகல் முழுக்க வேண்டும். அப்படியானால் வில்காரர் சாயங்காலம்வரை உயிரோடு இருந்திருக்கிறார். சாயங்காலம் பட்டறையில் இருந்தது மச்சான் ஒருவன்தான். உள்ளே ஆள் இருந்ததே தெரியாது என்று அவன் சொன்னான். போலீஸ் சிரித்தது. தாழ்ப்பாளில் ரேகை எடுத்தது. கட்டையையும் சீவலையும் குப்பை என்று அறையிலேயே விட்டுவிட்டுப் போனது.

"நாங்க குப்பை பொறுக்க வந்தவங்கதான்," என்றான் ஸ்பேனர். "காட்டுங்க."

அறைக்கதவு ஒரு சாண் கனம். உட்பக்கம் கம்பளி அடித்திருந்தது. மரக்கடைக்காரர் திறந்தார். சூடு முகத்தில் மெதுவாக வந்து படிந்தது. மீதிக் கட்டைகள் கெட்டுப்போகக் கூடாதென்று காலையிலிருந்து சின்னதாகத் தீ போட்டிருப்பதாகச் சொன்னார். அடுப்பின் வாய் வெளியே மரக்கடைப் பக்கம் இருந்தது. உள்ளே அதன் இரும்புக் குழாய் மட்டும் சுவரோரம் ஓடி மேலே ஏறியது.

ஸ்பேனர் வாசற்படியில் குந்தி, குவியலிலிருந்து ஒரு சீவலை எடுத்தான். வெள்ளையாகச் சுருண்டிருந்தது.

"பட்டறையில பாத்த வில்லு சிவப்பா இருந்துச்சே. இது வெள்ளையா இருக்கு. ஷாம்பூ போட்டாங்களா?"

மரக்கடைக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்லித்தருவதில் அவருக்குச் சந்தோஷம். "தம்பி, அது வெளிறு. பட்டைக்கு அடியில இருக்கிற வெள்ளை. எந்தக் கட்டையானாலும் முதல்ல அதைத்தான் சீவித் தள்ளணும். புழு விழும். உள்ளே சிவப்பா இருக்கு பாருங்க, வைரம். அதுதான் மரம்." கட்டைவிரலால் காற்றில் நீளமாகச் சீவிக் காட்டினார்.

மேடம் அந்தச் சீவலை வாங்கிப் பார்த்தார். பிறகு மரக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு சட்டென்று அவருடைய தங்கையின் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் செஞ்ச வில் வீட்டுல இருக்குன்னீங்களே. கொண்டுவர்றீங்களா? முழுசா முடிச்ச வில்லை நான் பார்த்ததே இல்ல."

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவள் போனாள்.

உள்ளே கொண்டுபோனால் சூட்டில் போன் கெட்டுவிடும் என்றார் மரக்கடைக்காரர். அவர் சொன்னதும் சரிதான். மேடம் கைப்பையை மேசைமேல் வைத்தார். ஸ்பேனர் தன் போனை அதன்மேல் வைத்தான். இருவரும் உள்ளே போனார்கள். மேடம் குவியலின் பக்கத்தில் குனிந்தார்.

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கம்பளி அடித்த கதவு. அப்புறம் தாழ்ப்பாளின் சத்தம். அதற்கு அப்புறம் விளக்கு அணைந்தது.

"காத்து," என்றான் ஸ்பேனர்.

மேடம் கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"காத்து தாழ்ப்பாள் போடும். சரி. சுவிட்சும் போடுமா?"

அவன் கதவைத் தட்டினான். கம்பளி அடியை வாங்கிக்கொண்டது. தோளால் இடித்தான். தோள்தான் வலித்தது. சுவருக்குள்ளே மரத்தூள் அடைத்திருக்கும் என்றார் மேடம், சூடு வெளியே போகாமலிருக்க. கூப்பிட்டான். தன் குரல் வாயைத் தாண்டிப் போகாத மாதிரி இருந்தது அவனுக்கு.

கண் பழகியது. மேலே, குழாயைத் தாங்கும் கம்பிக்குச் சற்று மேலே, ஒரு செங்கல் அளவு ஓட்டை. கம்பிவலை. பட்டறை வெளிச்சம் அதன் வழியாகக் கொஞ்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் அலமாரித் தட்டுகள் தெரிந்தன. தட்டுகளில் கட்டைகள், ஆள் உயரத்துக்கு, வரிசையாக. கீழே ஒரு முக்காலி. அதில்தான் வில்காரர் உட்கார்ந்திருந்தார்.

மேடம் அதில் உட்கார்ந்தார்.

"அதுலயா உக்காருவீங்க?"

"வேற எதுவும் இல்லையே."

குழாய் டிக் என்றது. கொஞ்சம் கழித்து இன்னொரு டிக். இரும்பு விரியும் சத்தம். மெக்கானிக்குக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே யாரோ அடுப்பில் கட்டை தள்ளுகிறார்கள்.

"மேடம், நாம என்ன பண்ணிட்டோம்?"

"நீ ஒரு கேள்வி கேட்ட. அவர் உண்மையான பதில் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துட்டார்."

"இருபது வருஷ சர்வீஸ். இன்னும் முகத்தை வச்சுக்கத் தெரியலயா?"

"ஆபீஸ்ல எப்பவும் ஃபைலுக்குப் பின்னாடி இருப்பேன்."

அவர் தட்டிலிருந்து ஒரு கட்டையை இழுத்து அவன் கையில் வைத்தார். தடவிப் பார்க்கச் சொன்னார். இரண்டு முனையிலும் மெழுகு. ஒரு பக்கம் கரடுமுரடாகப் பிளந்திருந்தது. மறுபக்கம், பட்டை உரித்த பக்கம், தோல் மாதிரி வழவழப்பாக இருந்தது. அடுத்த கட்டையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு என்று மேடம் சொன்னார். எய்கிறவனைப் பார்ப்பது வயிறு. வெளியே பார்ப்பது முதுகு. வளைக்கும்போது வயிறு அமுங்கும், முதுகு இழுபடும். முதுகில் சின்னக் கீறல் இருந்தாலும் அங்கிருந்து பிளந்துகொண்டு போகும். அதனால் பட்டையை உரித்ததோடு சரி, அந்தப் பக்கத்தைத் தொடமாட்டார்கள். வெளிறு அங்கேயே இருக்கும். கத்தி போவதெல்லாம் வயிற்றுப் பக்கம், வைரத்தில். சீவல் சிவப்பாகத்தான் விழும்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து அந்தப் பொண்ணு சொன்னா. நீ சோபாவுல வாயைத் திறந்து வச்சுட்டுத் தூங்கின."

மடியில் கிடந்ததாகச் சொன்ன பாதி செய்த வில் சுவரோரம் சாய்ந்திருந்தது. ஸ்பேனர் அதை எடுத்து விரலால் தடவினான். வயிறு ஒழுங்காகச் சீவியிருந்தது. திருப்பினான். முதுகில் கத்தி நாலைந்து இடத்தில் ஆழமாகப் பாய்ந்திருந்தது.

மேடம் குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். ஓட்டைக்கு நேரே பிடித்துக் காட்டினார். மேலே இருந்ததெல்லாம் வெள்ளை. அடியிலிருந்த பிடி மட்டும் சிவப்பு.

"அவர் சீவினது இந்த ஒரு பிடிதான். காலையில ஆரம்பிச்ச வேலை. மேல இருக்கிற வெள்ளையெல்லாம் அப்புறம் யாரோ கொண்டுவந்து கொட்டினது. அவர் சாயங்காலம் வரைக்கும் சீவினார்னு காட்ட. பொருந்தணுமேன்னு வில்லுலயும் நாலு இழுப்பு இழுத்திருக்காங்க."

"மச்சான் செஞ்சிருந்தா?"

"மச்சான் செஞ்சிருந்தா சீவல் சிவப்பா இருக்கும். பைத்தியமே பிடிச்சாலும் வில் செய்யறவன் கத்தி முதுகுப் பக்கம் போகாது. எந்தக் கட்டையைக் கொடுத்தாலும் முதல்ல வெளிறைச் சீவற கை ஒண்ணுதான் இந்த வீட்டுல இருக்கு."

ஸ்பேனர் வில்லைப் பழையபடி சுவரில் சாய்த்து வைத்தான்.

"லாரி நேரா வரணும்ங்கறதுக்காகவா?" என்றான்.

குழாய் இப்போது அடிக்கடி டிக் டிக் என்றது. சட்டை முதுகில் ஒட்டியது. மூச்சு உள்ளே போகும்போதே சுட்டது. தரையில் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும் என்று அவன் குப்புறப் படுத்தான். படுத்தபடியே யோசித்தான்.

"ஒண்ணு இடிக்குது மேடம். நாம இங்கயே செத்துப்போனா மச்சானை விட்டுடுவாங்க. அவன்தான் லாக்கப்ல இருக்கானே. நமக்குத் தாழ்ப்பாள் போட்டது வேற ஆளுன்னு தெரிஞ்சுடும்."

"ஆமா."

"அப்ப கேஸ்ல ஜெயிச்ச மாதிரிதான்."

"ஆமா. அவர் அவ்வளவு தூரம் யோசிச்சிருக்க மாட்டார். பயந்தா கை பழகின இடத்துக்குத்தான் போகும். அது அவருக்குப் பழகின தாழ்ப்பாள்."

அந்தப் பெண் வில்லோடு திரும்பி வருவாள் என்பதில்தான் மேடம் எல்லாவற்றையும் வைத்திருந்தார். வந்தால் கேட்பாள். கேட்டால் திறந்துதானே ஆக வேண்டும். அதைச் சொன்னபோது அவர் குரலில் வழக்கமான உறுதி இருந்தது. பாதிதான் இருந்தது.

அப்போது மரக்கடைப் பக்கம் மெஷின் ஓட ஆரம்பித்தது. அறுக்கிற மெஷின். சுவரே ரீங்காரமிட்டது.

ஸ்பேனர் தலையைத் தூக்கினான். "வெறும் மெஷின். கட்டை வைக்கல. கட்டை வச்சா சத்தம் இறங்கும். சும்மா சத்தத்துக்காக ஓட்டறான்."

அப்படியென்றால் அவள் வந்துவிட்டாள்.

மேடம் முக்காலிமேல் ஏறி ஓட்டையில் காதை வைத்தார். மெஷினுக்கு மேலே பேசவேண்டியிருந்ததால் அண்ணனும் தங்கையும் உரக்கப் பேசினார்கள். துண்டு துண்டாகக் கேட்டது. அவர்கள் அப்போதே போய்விட்டார்கள் என்றார் மரக்கடைக்காரர். அவசரமாம். காலையில் வருவார்களாம். மேசையில் பையையும் போனையும் காணோம் என்பதால் அவள் நம்பியிருக்க வேண்டும்.

இருவரும் கத்தினார்கள். மாறி மாறி, பிறகு சேர்ந்து. ஸ்பேனருக்குத் தொண்டை கிழிந்தது.

யாரோ கத்துகிற மாதிரி இருக்கிறதே என்றாள் தங்கை. லோடு இறக்குகிறவர்கள் என்றார் அண்ணன். அவர்கள் எப்போதும் அப்படித்தான்.

மனிதக் குரலுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். மேடம் முக்காலியிலிருந்து இறங்கினார். உட்கார்ந்துகொண்டார்.

"குடை இருக்கே," என்றாள் தங்கை வெளியே.

ஸ்பேனர் அதைக் கேட்டான். மடங்காத குடை. அண்ணன் பையை ஒளித்துவிட்டார், குடையைப் பார்க்கவில்லை. மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று அவர் சொல்வது கேட்டது. எடுக்க வருவார்கள், நான் கொஞ்சம் இருக்கிறேன் என்று அவள் சொல்வதும். வேண்டாம், இருட்டப் போகிறது, வீட்டுக்குப் போ என்று அவர்.

"குடைக்கு ஆயுள் கெட்டி," என்று முனகினான். திரும்பக் குப்புறக் கவிழ்ந்தான். கீழ்த் தட்டுக்கு அடியில் முகத்தை வைத்தால் காற்று கொஞ்சம் குளிர்ந்தது. கையை நீட்டினான். ஏதோ குத்தியது.

இழுத்துப் போட்டான். பாதி செய்த வில் ஒன்று, நடுவில் உடைந்தது. முறிவு புதிதாக இருந்தது, நார் நாராக. மறுபடி கையை விட்டான். இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்றாவது.

"இங்க விறகு வேற வச்சிருக்காங்க."

மேடம் ஒரு துண்டை வாங்கி முறிவில் விரலை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"விறகு இல்ல," என்றார். "அவர் கூப்பிட்டிருக்கார்."

அவன் விளங்காமல் பார்த்தான்.

"அவரும் நம்மள மாதிரி கத்திப் பார்த்திருப்பார். அப்புறம் கையில கிடைச்ச வில்லை உடைச்சிருக்கார். கேட்டா ஓடிவர ரெண்டு பேர்தான் உண்டு. தங்கை வீட்டுல இருந்தா. அப்ப யாரைக் கூப்பிட்டார்? தாழ்ப்பாள் போட்டவனையேவா கூப்பிடுவார்? மச்சானைக் கூப்பிட்டார். மூணு தடவை. மச்சான் கொல்லன் பட்டறையில இருந்திருக்கான்."

"அதாவது காலையில."

"காலையில. இந்தச் சத்தம் கேட்டது மரக்கடைக்காரர் ஒருத்தருக்குத்தான். அவருக்கு இது கட்டை உடையற சத்தம். அதான் துண்டுகளைக் காலால தட்டுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருக்கார். விறகுன்னு."

செத்த மனிதர் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் ஸ்பேனருக்கு இருந்தது. அவன் எழுந்து தட்டுகளைத் துழாவினான். எல்லாம் முழுக் கட்டைகள், தொடை கனம். யானை வந்தாலும் வளைக்க முடியாது. வளைக்கிற அளவுக்கு மெலிந்தது அறையில் ஒன்றுதான் மிச்சம். முதுகில் கத்தி பட்ட அந்த வில்.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இதை உடைச்சா முதுகு நாராப் பிய்ஞ்சுடும்," என்றார் மேடம். "கத்தி பட்டதா, பிய்ஞ்சதான்னு அரசு வக்கீல் கேட்பார். நம்மகிட்ட பதில் இருக்காது. அவ புருஷனுக்கு இருக்கிற ஒரே சாட்சி இது."

"உடைச்சா மச்சான் உள்ளே. உடைக்கலன்னா நாம உள்ளே."

வெளியே தங்கையின் குரல் தள்ளிக் கேட்டது. வாசல் பக்கம் போகிறாள்.

மேடம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். இருபது வருடமாக அவர் ஒரு காகிதத்தைக்கூடக் கிழித்ததில்லை. ஸ்பேனருக்கு அது தெரியும். அதனால் அவன் சட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தான். பாதியை அவரிடம் நீட்டினான். குழாய் சுடும்.

அவர் வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

வில்லின் ஒரு முனையை, ஓட்டைக்குக் கீழே குழாயைத் தாங்கும் கம்பிக்குள் செருகினார்கள். மறுமுனையில் ஸ்பேனர் தொங்கினான். வில் வளைந்தது. மேலும் வளைந்தது. உடையவில்லை.

"என்ன மரம் இது," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்ல மரம். நல்ல கையும்கூட." மேடம் வில்லைத் தடவிப் பார்த்தார். "தப்பாப் பிடிச்சிருக்கோம். முதுகு உள்பக்கம் இருக்கு. திருப்பு. கத்தி பட்ட பக்கம் வெளியே வரணும்."

எடுத்தார்கள். திருப்பினார்கள். குழாயின் சூட்டில் சட்டைத் துணி கருகும் வாடை வந்தது. ஓட்டை வழியே அண்ணனின் குரல் இறங்கி ஒலித்தது, பாசமாக, தங்கையை வழியனுப்புகிற குரல். பார்த்துப் போ, வழியெல்லாம் சேறு என்றார்.

"கண்ணை மூடிக்கோ," என்றார் மேடம். முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, அவரும் அந்த முனையைப் பிடித்துத் தொங்கினார்.

வில் ஒரு கணம் யோசித்தது. பிறகு உடைந்தது.

சின்ன அறையில் அது துப்பாக்கி மாதிரி வெடித்தது. இருவரும் தரையில் கிடந்தார்கள். ஸ்பேனரின் கன்னத்தில் ஏதோ சூடாக வழிந்தது. கண்ணைத் தொட்டுப் பார்த்தான். இரண்டும் இருந்தன. மேடத்தின் கையில் பாதி வில். அதன் முதுகு அவர் சொன்னபடியே நார் நாராகப் பிய்ந்திருந்தது. கத்தி பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

"கேட்டிருக்குமா?" என்றான்.

சந்தை இரைச்சலிலும் தன் பிள்ளை அழுவது தாய்க்குக் கேட்கும். மேடத்துக்கு அதைச் சொல்ல மூச்சு இல்லை.

பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. ஓடுகிற செருப்பு. தெருவை நோக்கி அல்ல. பட்டறையில் அந்த வில் மாட்டிய சட்டத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்றது. அங்கே பாதி செய்த அந்த வில் இன்னும் உடையாமல் இருப்பதைப் பார்த்திருப்பாள். மறுபடி ஓடியது. கதவுக்கு வெளியே வந்து நின்றது. அவளுக்குப் பின்னால் கனமான காலடி, ஓடவில்லை, வேகமாக நடந்தது.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் மரக்கடைக்காரர். குரல் கதவுக்கு மிக அருகில் வந்துவிட்டது. "கட்டைதான். சூட்டுல வெடிச்சிருக்கும்."

எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கணவன் செய்த வில்லாக இருக்கும். பத்திரமாக, மெதுவாக, கதவோரம் சாய்த்து வைத்தாள்.

தாழ்ப்பாள் இன்னும் அசையவில்லை. இருட்டில் மேடத்தின் கை ஸ்பேனரின் தோளைப் பிடித்திருந்தது.

"ஏண்ணே," என்றாள் அவள். "இந்த வீட்டுல வில் உடைக்க இன்னும் யார் மிச்சம் இருக்கா?"